இடுப்பில் கட்டிய ரோபோவும் ஆழ்வார்குறிச்சி நிலைப்படியும்

போன வாரம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அனிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அவள். நல்ல பெண், வாய் மட்டும் ஓயாது. "மேடம், புது ரோபோ வந்திருக்கு. பழசு மாதிரி கனம் இல்ல, கால்சட்டை மாதிரி மாட்டிக்கிடலாம். அதுக்கு ஒரு விழா வச்சு மலர் போடுதோம். மொதல்ல அதக் கட்டி வயசானவங்கள நடக்க வச்சது நீங்கதானே, உங்க அனுபவத்த எழுதித் தாங்க. கொஞ்சம் சந்தோஷமா எழுதுங்க மேடம்" என்றாள்.

சந்தோஷமாக எழுத வேண்டுமாம். எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது. அந்த இயந்திரத்தோடு நான் பட்ட பாட்டில் சந்தோஷமான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அங்கே போய்ச் சேருவதற்குள் எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தினேன் என்பது எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படித்தது மதுரையில். படித்து முடித்ததும் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். எங்கள் பிரிவின் சொத்து இரண்டு இணைக்கம்பிகள், ஒரு மரப்படிக்கட்டு, சில மணல் மூட்டைகள், ஓர் ஆளுயரக் கண்ணாடி. பக்கவாதமா, இடுப்பெலும்பு முறிவா, முட்டு மாற்று ஆபரேஷனா, யார் வந்தாலும் அவற்றை வைத்துத்தான் நிற்கவும் நடக்கவும் பழக்கினோம். "கை கால் பிடிச்சு விடுததுக்கா இவ்ளோ படிச்சே?" என்று என் மாமியார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் அலுத்துப்போனது.

எங்கள் பிரிவுக்கு ரோபோ வருகிறது என்றதும் எல்லோரும் சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். வந்தது ஓர் அகலமான பெல்ட். இரண்டு பக்கமும், இடுப்பு மூட்டுக்கு நேராக, தேங்காய்ச் சிரட்டை அளவில் பக்கத்துக்கு ஒரு மோட்டார். அதிலிருந்து தொடையோடு இறங்குகிற ஒரு சட்டம், முட்டுக்குச் சற்று மேலே ஒரு பட்டை, முதுகுப் பக்கம் பேட்டரி. கட்டிக்கொண்டு நடப்பவரின் தொடை முன்னும் பின்னும் போகிற தாளத்தை அது கவனித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு, கால் முன்னே வர வேண்டிய நேரத்தில் தொடையை லேசாகத் தூக்கிக் கொடுக்கும். காலை இழுத்து இழுத்து நடந்த வயதானவர்கள், எடுத்து வைக்கிற எட்டு கொஞ்சம் நீண்டு, சீக்கிரம் களைத்துப்போகாமல் நடப்பார்கள். அப்படி நடந்து பழகப் பழகச் சதைக்குப் பலம் வரும், மனசுக்குத் தைரியம் வரும், பிறகு அதைக் கழற்றிவிடலாம். கழற்றுவதற்காகத்தான் கட்டுகிறோம் என்பதை நான் சொல்லாத ஆள் கிடையாது, கேட்ட ஆளும் கிடையாது.

கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஆளை நிற்க வைத்துத்தான் கட்ட வேண்டும். உட்கார வைத்துக் கட்டினால் எழுந்ததும் பெல்ட் வழுகி இறங்கிவிடும். முதலில் இடுப்பெலும்பின் மேடு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டாரின் நடு, மூட்டின் நடுவுக்கு நேராக வர வேண்டும். ஒரு விரற்கடை தள்ளிப் போனாலும் சட்டம் தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, சீக்கிரம் வழன்றுவிடும். பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இவ்வளவும் அதோடு வந்த கையேட்டில் இருந்தது. ஆனால் அதை எழுதியவர் மனசில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் கால்சட்டை போட்டவர்கள். எங்களிடம் வந்த ஆண்கள் வேட்டியிலும், சாரம் என்று நாங்கள் சொல்கிற லுங்கியிலும் வந்தார்கள், பெண்கள் சேலையில் வந்தார்கள்.

சேலைக்கு மேலே கட்டினால் கொசுவம் பட்டையில் சிக்கியது. உள்ளே கட்டினால் சேலை இரண்டு பக்கமும் புடைத்து நின்றது. மேலப்பாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "அல்லாவே, இதக் கட்டிக்கிட்டு ஆம்பளையளுக்கு முன்னால நடக்கவா நான் வந்தேன்?" என்று அழுதேவிட்டார். தையல்காரரிடம் சொல்லிப் பெரிய பெரிய பைஜாமாக்களாகத் தைத்து வாங்கினேன். நடுவில் ஒரு திரையும் கட்டினேன். மறுநாளே பெரிய டாக்டர் வந்து, "திரை எதுக்கு? பாக்க வாரவங்களுக்கு மெஷின் தெரியாதே" என்றார்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலும்பு ஆபரேஷனில் அவர் கை கெட்டிக்காரக் கை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து மனிதர் மாறிவிட்டார். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே எங்கள் அறைக்கு வருவார். நோயாளியைப் பார்க்க மாட்டார், நேரே, ரோபோ கட்டியவர்கள் நடந்த தூரத்தைக் காட்டுகிற கணினித் திரைக்குப் போவார். "இன்னைக்கு எவ்ளோ தூரம்?" என்பார். சொன்னதும் "சிறப்பு" என்பார். கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னாலும் "சிறப்பு"தான். ஒருநாள் வேண்டுமென்றே, "டாக்டர், இன்னைக்கு ஒருத்தரும் வரல" என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே "சிறப்பு, சிறப்பு" என்று போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் வள்ளியூரிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். பலசரக்குக் கடைக்காரர், முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு நடை தளர்ந்துபோனவர். பைஜாமா போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று உள்ளே அரைக்கால் சட்டை போட்டு, வேட்டியை முட்டுக்கு மேலே மடித்துக் கட்டச் சொல்லி, மடிப்பின் மேல் பெல்ட்டைக் கட்டினேன். அழகாக நடந்தார், கடைக் கதையெல்லாம் பேசிக்கொண்டே நடந்தார். பெரிய டாக்டர் உள்ளே நுழைந்தார், அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் போனதும் மறுபடி நடந்தார். அடுத்த நாளும் அதே கதை. டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் வந்தா மட்டும் எப்படி நிக்குது? இதுல ஏதோ கோளாறு" என்று கம்பெனிக்குப் போன் செய்து சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்துவிட்டார். அந்தப் பையன் மோட்டாரைக் கழற்றிப் பிரித்து மேய்ந்தான், ஒரு கோளாறும் அகப்படவில்லை.

எனக்கும் முதலில் பிடிபடவில்லை. அண்ணாச்சியைத் தனியாகக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "பெரிய டாக்டர் வாராவ, நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எப்படித் தாயி அவிய முன்னால நடக்க? அவுத்து விடலாம்னா நீங்க மேல பெல்ட்ட இறுக்கிட்டிய" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்ஜினியரும் டாக்டரும் இயந்திரத்தின் உள்ளே தேடிக்கொண்டிருக்க, விஷயம் வேட்டி மடிப்பில் இருந்திருக்கிறது. டாக்டரிடம் போய், "கோளாறு ஒண்ணும் இல்ல டாக்டர். அவர் நடக்கிற நேரத்தில நீங்க உள்ள வராம இருந்தாப் போதும்" என்றேன். அன்றைக்கு மட்டும் அவர் "சிறப்பு" சொல்லவில்லை.

இனி செண்பகம் டீச்சர். ஆழ்வார்குறிச்சியில் சொந்த வீடு, கணவர் இல்லை, ஒரே மகன் சங்கரன் பெங்களூரில். டீச்சர் வாழ்நாளெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர். புறவாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். எலும்பு கூடிவிட்டது, கால் எழும்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தரையைத் தேய்த்துக்கொண்டே நகர்வார். மகன் கோயம்புத்தூரில் முதியவர்களுக்கான ஒரு குடியிருப்பைப் பார்த்து வைத்திருந்தார். டீச்சர் போக மாட்டேன் என்று சண்டை போட்டு, கடைசியில் தாயும் மகனும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். படுக்கையிலிருந்து புறவாசல் கக்கூஸ் வரைக்கும், யாரும் பிடிக்காமல், அவரே போய்வந்துவிட்டால் ஆழ்வார்குறிச்சியிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் கோயம்புத்தூர், மறுபேச்சு கிடையாது. டீச்சர் முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டார். "எனக்கு ஓட வேண்டாம், ஆட வேண்டாம். எங்க வீட்டுக்குள்ள நானே நடக்கணும். அதுக்கு உண்டானதப் பண்ணு" என்றார்.

பைஜாமாவுக்குச் சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். "இங்க கொண்டா ஏட்டி. அந்தக் காலத்துலயே சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு பிள்ளையளோட ஓடுனவ நான்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். சண்டை இயந்திரத்தோடுதான். அது தொடையைத் தூக்கிக் கொடுத்ததும் திடுக்கிட்டு நின்றார். "நான் சொல்லுததுக்கு முன்னால இது ஏன் தூக்குது? கமாண்டு குடுக்க வேண்டியது நானா, இதா?" என்றார். நடக்கும்போது தன் காலைப் பார்த்தே, "ஏட்டி, தூக்கு! தேய்க்காத! கஞ்சி குடிச்சியா இல்லியா?" என்று அதட்டுவார். அறையில் நடந்துகொண்டிருந்த மற்றவர்களும் பயந்துபோய்க் காலைத் தூக்கினார்கள்.

பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, விடாமல் வந்தார். எட்டு நீண்டது. வராந்தா முழுக்க நின்று நின்று மூச்சு வாங்கியவர், பேசிக்கொண்டே போய்த் திரும்பினார். வெறுங்காலில், இயந்திரம் இல்லாமல் நடக்க விட்டபோதும் கால் பழையபடி தேயவில்லை. வீட்டில் நிலைப்படி இருக்குமே என்று தரையில் ஒரு மரப்பலகையைப் போட்டேன். அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். பெரிய டாக்டரிடம், "ஒரு தடவை அவங்க வீட்டைப் போய்ப் பாத்துட்டு வந்துருதேன் டாக்டர்" என்று கேட்டேன். "வீட்ல என்ன இருக்கு? இங்க நடக்காங்கள்ல?" என்றார். திரும்பக் கேட்டேன். "மேடம், கட்டில் எந்தப் பக்கம் கிடக்குன்னு பாக்கவா உங்களுக்குச் சம்பளம்?" என்றார். அதற்குமேல் கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று வந்துவிட்டேன்.

ஆனால் டீச்சர் வீடு திரும்புகிற நாளன்று பார்த்தால், பெரிய டாக்டரே காரில் ஏறுகிறார். கூடவே ஒரு பத்திரிகைப் போட்டோகிராபர். வீட்டைப் பார்க்க என்னை விடாதவருக்கு, வீட்டில் ரோபோவோடு நடக்கிற மூதாட்டியைப் படம் எடுக்க நேரம் இருந்தது. சங்கரனும் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார்.

நானும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அதே காரில் போனேன். தெருவிலிருந்து கொல்லைவரை ஒரே நீளத்தில் போகிற பழைய வீடு. முன்னறை, பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை, அதற்கப்புறம் புறவாசல். ஒவ்வோர் இடத்துக்கும் நடுவில் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலிலும் கணுக்காலுக்கு மேலே வருகிற உயரத்தில் தேக்கு நிலைப்படி. வாசலோ ஒடுக்கம். படுக்கை கிடந்தது பட்டாசலில், அதுவரை டீச்சரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். டீச்சருக்கு அங்கே வைத்து இயந்திரத்தைக் கட்டினேன். நடந்தார், போட்டோகிராபர் படம் எடுத்தார், டாக்டர் சாவியைச் சுழற்றினார். அடுக்களை வாசலில் மோட்டார் இரண்டு பக்கமும் நிலையில் இடித்தது. டீச்சர் நின்றார். நின்றதும் இயந்திரமும் சும்மா இருந்துவிட்டது. நடக்கிறவருக்குத்தான் அது கைகொடுக்கும், நின்றவரைத் தூக்காது.

"என்ன நிக்கிறீங்க? அங்க பலகையில ஏறி இறங்கினீங்கள்ல, அதே மாதிரி ஏறுங்க" என்றார் டாக்டர்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "நிலைப்படிய மிதிக்கச் சொல்லுதீங்களா? விளக்கு வச்சுக் கும்பிடுத வீட்டுல? அது பலகை. இது நிலைப்படி."

"அம்மா, இந்தக் காலத்துல போயி..." என்று ஆரம்பித்தார் சங்கரன்.

"ஏலே, எந்தக் காலத்துல மிதிச்சிருக்கோம் நம்ம வீட்டுல? நீ மிதிச்சிருக்கியா?"

என் வீட்டிலும் நிலைப்படி உண்டு. என் பிள்ளை அதன்மேல் ஏறி நின்றால் நானே அதட்டியிருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே, பலகையில் ஏறுகிறவர் நிலைப்படியில் ஏற மாட்டார் என்று தோன்றவில்லை. ஏறுவதையல்லவா பழக்கினேன், தாண்டுவதைப் பழக்கவேயில்லையே என்று என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் விடவில்லை. "ஆசாரியக் கூப்பிட்டு இந்த நிலைப்படிய அறுத்து எடுத்துருங்க, அரை நாள் வேலை" என்றார். டீச்சர் முகம் செத்துவிட்டது. சங்கரன் என் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன் மேடம். மெஷினாலயே முடியல. கோயம்புத்தூர்ல படியே கிடையாது, தரை சமமா இருக்கும்" என்றார். போட்டோகிராபர் குறுக்கே வந்து, "அம்மா, லேசா சிரிச்ச மாதிரி நில்லுங்க" என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுதீங்களா?" என்று கத்திவிட்டேன். அத்தனை வருட சர்வீஸில் பெரிய டாக்டர் முன்னால் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் பைய என் கையைப் பிடித்தார். "இந்தச் சவத்தக் கழத்துட்டி" என்றார். கழற்றினேன். சங்கரனிடம், "எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க. அடுத்த தடவை லீவுக்கு வாரப்ப பாருங்க. அப்பவும் முடியலன்னா கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் சரி என்றார். டாக்டர், "உங்க இஷ்டம். ஆனா மெஷின் ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வராது" என்று அதை எடுத்துக்கொண்டு போனார். இனி அது வேண்டியதில்லை என்று சொல்ல வந்தேன், அவர் கார் கதவைச் சாத்திவிட்டார்.

அதன்பிறகு லீவு போட்டும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் செங்கோட்டை ரயிலைப் பிடித்து ஆழ்வார்குறிச்சிக்குப் போய்வந்தேன். என் கணவர், "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல ஏன் இப்படி அலையுத?" என்று சத்தம் போட்டார். டீச்சருக்கு இப்போது காலில் பலம் இருந்தது, அதைக் கொடுத்தது அந்த இயந்திரம்தான். அது இல்லாவிட்டால் அந்தக் கால் தரையை விட்டு எழும்பியிருக்காது. வேண்டியது தாண்டும் முறை. வாக்கரை வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நிறுத்திவைத்தோம். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, நல்ல காலை முதலில் தூக்கித் தாண்டி ஊன்ற வேண்டும். அது நன்றாக ஊன்றிய பிறகு ஆபரேஷன் செய்த காலை முட்டை மடக்கி, நிலைப்படியில் படாமல் கொண்டுவர வேண்டும். அந்த இடத்தில்தான் அவருக்கு நடுங்கும். முதல் நாள் பெருவிரல் நிலைப்படியில் உரசிவிட்டது. உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனார், நான் பதறிப்போய்த் தாங்கிக்கொண்டேன். "டீச்சர், விழுந்துட்டா கோயம்புத்தூர்தான். மன்னிப்ப வாயால கேட்டாப் போதும்" என்றேன். அதற்குப் பிறகு கால் பட்டபோதெல்லாம் வாயாலேயே கேட்டுக்கொண்டார். பிறகு கேட்க வேண்டிய தேவை குறைந்துகொண்டே வந்தது.

சங்கரன் லீவில் வந்தார். நானும் போயிருந்தேன். டாக்டர் வரவில்லை, போட்டோகிராபரும் வரவில்லை. கட்டிப் படம் எடுக்க இயந்திரம் இல்லையே, அவர்களுக்கு என்ன வேலை?

டீச்சர் கட்டிலிலிருந்து எழுந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பட்டாசலைக் கடந்தார். அடுக்களை வாசலில் திரும்பி நின்று நிலையைப் பிடித்தார். நல்ல கால் போயிற்று. மற்றக் கால் எழும்பி, அப்படியே அந்தரத்தில் நடுங்கியது. சங்கரன் பாய்ந்து பிடிக்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவர் திரும்பி என்னை முறைத்தபோது, கால் நிலைப்படியில் படாமல் அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. டீச்சர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களையைக் கடந்து, அடுத்த வாசலையும் அதே மாதிரி தாண்டி, புறவாசலில் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கக்கூஸ் கதவு எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சங்கரன் பதறிவிட்டார். "அம்மா! தாழ்ப்பாள் போடாதம்மா! ஏதாவது ஆயிட்டா? கதவத் தொற!"

"ஏலே, அங்கிட்டுப் போ! இடுப்பு ஒடிஞ்ச நாள்லருந்து இன்னைக்குத்தான் கதவச் சாத்திக்கிட்டு ஒத்தையில இருக்கேன். ஒருத்தரும் இங்கன நிக்கக் கூடாது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

இரண்டு பேரும் துவைக்கிற கல் பக்கம் தள்ளிப் போய் நின்றோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கரன் குரலைத் தாழ்த்தி, "அப்ப கோயம்புத்தூர் வேண்டாம்னு சொல்லிரட்டுமா மேடம்? நீங்க என்ன நினைக்கீங்க?" என்று கேட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? அவங்க வெளிய வரட்டும். அவங்கட்டயே கேளுங்க" என்றேன்.